போய்ப் பாருப்பா

ஓரிக்கை,
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரேவதி எழுதுவது. போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் துறையின் விசாரணை அறிக்கை நேற்று வந்தது. "தீயணைப்பாளர் வேல்முருகன் உத்தரவின்றிக் கிடங்கினுள் நுழைந்தார். பணிநீக்கம் பரிந்துரைக்கப்படுகிறது." அடியில் ஆணையர் தேவிப்ரியா என்று உன் கையெழுத்து. தறியை அப்படியே விட்டு எழுந்துவிட்டேன்.

உத்தரவின்றியா? அன்று கிடங்கு எரிந்துகொண்டிருந்தபோது நீதானே காரிலிருந்து இறங்கி, "வேலு, மேல ஒரு பொண்ணு கத்திக்கினு இருக்குது, போய்ப் பாருப்பா" என்று என் புருஷனிடம் சொன்னாய்? அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தவருக்கு வலது கை வெந்துபோனது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். "வண்டியத் தொடச்சிக்கினாவது ஸ்டேஷன்ல இருந்துடுறேன்" என்கிறார். உன்மேல் தப்பில்லையாம், அதையும் அவரே சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

'உத்தரவின்றி' என்ற அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடு. வேறெதுவும் கேட்கவில்லை.

உன் தங்கை,
ரேவதி

19.6.2025

என் செல்ல ரேவுக்கு,

அக்காவின் ஆசிகள். கோபப்படாமல் படி.

நான் காக்கி போடாத ஆணையர். கோப்பு, நியமனம், வண்டி வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. தீ எரியும் இடத்தில் உத்தரவு கொடுக்கும் அதிகாரம் நிலைய அலுவலருக்குத்தான். அவர் கொடுக்கவில்லை. ஆகவே விதிப்படி அந்த வார்த்தை சரி.

போய்ப் பாருப்பா என்று சொன்னேன், மறுக்கவில்லை. அதை அக்காவாகச் சொன்னேன், ஆணையராக அல்ல. அறிக்கையில் அது ஏறினால் என் பதவி போய்விடும். "ஆபீஸ்ல உக்காந்துக்கினு இருக்கிற பொம்பளைக்கு நெருப்பப் பத்தி இன்னா தெரியும்?" என்றவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். வேலுவுக்கு வேறு வேலை பார்த்துத் தருகிறேன்.

ஆவணியில் வள்ளியின் காதுகுத்துக்கு வருகிறேன். தாய்மாமன் இல்லாத குறை தெரியாமல் பெரியம்மா நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா தேவிப்ரியா

ஓரிக்கை,
26.6.2025

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதினால் இதுவும் வீட்டு விஷயமாகிவிடும்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை நாள் உங்களை விட்டுக்கொடுக்காத மனுஷன் சொன்னார்: "அக்காவா இருந்திருந்தா, போவாதப்பான்னு கையப் புடிச்சி நிறுத்தி இருப்பாங்க ரேவதி."

மேல்முறையீடு செய்திருக்கிறோம். அங்கே உங்கள் கடிதத்தின் அசலைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். "போய்ப் பாருப்பா என்று சொன்னேன், மறுக்கவில்லை" என்ற வரிக்கு நானே அடிக்கோடு போட்டேன். 'என் செல்ல ரேவு' என்பதும் அதே தாளில்தான் இருந்தது. அதை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

காதுகுத்துக்கு நீங்கள் வர வேண்டாம். வள்ளி அவள் அப்பா மடியில் உட்காருவாள். ஒரு கையால் பிடித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தீயணைப்பாளர் வேல்முருகனின் மனைவி,
ரேவதி