கீழ் வீட்டிலிருந்து வந்த தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? மெர்சினில் வெயில் அடிக்கும். இங்கே அர்தகானில் பள்ளி மைதானம் இடுப்பளவு பனிக்குள் கிடக்கிறது. மார்ச்சில் மகளிர் கால்பந்து அணித் தேர்வு. அதனால் மாலையில் வீட்டுக்குள்ளேயே காலுறையைப் பந்தாகச் சுருட்டி, கீழே விழாமல் காலால் தட்டிப் பழகுகிறேன்.

பந்து தவறி விழும்போதெல்லாம் கீழ் வீட்டில் யாரோ வெந்நீர்க் குழாயை ஒரு தட்டுத் தட்டினார்கள். சத்தம் தொந்தரவாக இருக்கிறது போல என்று ரவை அல்வா கிண்டி, ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறக்கவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

இதைக் கேட்டுக் குடியிருப்புக் காவலாளி துர்சுன் சிரித்தார். "துணிப் பந்துக்கு ஏது டீச்சர் சத்தம்? கீழ் வீடு ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு. அல்வாவ எனக்குக் குடுத்திருக்கலாம்ல?"

நேற்று தட்டு என் வாசலுக்கு வந்துவிட்டது, கழுவித் துடைத்து. வெறும் தட்டைத் திருப்பக்கூடாது என்பாயே, அதன்படியே வந்திருக்கிறது: என்னுடையதைவிட இறுக்கமாகச் சுருட்டித் தைத்த காலுறைப் பந்து ஒன்று.

நீ கவலைப்படாதே, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உன் குரலைப் பதிவுசெய்தும் அனுப்பு, எதைப் பற்றியாவது பேசு.

இன்று நான் இன்னும் பந்தைத் தொடவே இல்லை. அதற்குள் கீழே குழாயைத் தட்டுகிறார்கள். காக்க வைத்தால் நன்றாக இருக்காது, முடிக்கிறேன்.

உன் மகள்,
நெஸ்ரின்