எறும்பு சொன்னால் சரி

இன்று காலை பையைத் திறந்தால் வேதியியல் புத்தகத்தின் மேல் எறும்பு ஊர்வலம். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் அப்பா கொடுத்தனுப்பிய பால்கோவா, ராஜபாளையம் வருவதற்குள் பொட்டலத்திலிருந்து கசிந்திருக்கிறது. தட்டிவிடப் போன கையை இழுத்துக்கொண்டேன். முன்னால் வந்த எறும்பு இரண்டு உணர்கொம்புகளையும் ஆட்டி ஆட்டிச் சோதித்துக்கொண்டிருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இரண்டாவது வாரம் உனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேனே. வறுத்த மைதா, வனஸ்பதி, எசன்ஸ் நாலு சொட்டு. சீனி கிடையாது. உன் அப்பா பால்கோவா கிண்டுகிறவர் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். இல்லாவிட்டால் அதில் என்ன குறும்பு? நீ வாயில் வைக்காமல் ஒரு துண்டைக் கிள்ளி ஜன்னலில் வைத்தாய். எறும்பு வந்தது, கொம்பை நீட்டியது, சுற்றிக்கொண்டு போய்விட்டது. என் குறும்பை உன் எறும்பு காட்டிக்கொடுத்தது.

"அதுக்கு மூக்கு கிடையாது ஏட்டி. கொம்பு பூரா முடி. பாலுக்கு ஒரு முடி, சீனிக்கு ஒரு முடி, அடிப்பிடிச்சதுக்கு ஒரு முடி. அம்புட்டும் சேந்து சொன்னாத்தான் அதுக்குப் பால்கோவா. உன் எசன்ஸு ஒத்த முடியைத்தான் ஏமாத்தும்" என்றாய்.

பிறகு படித்துப் பார்த்தேன். ஒரு மணமே பல முடிகளைத் தட்டுமாம். எவை எவை தட்டப்பட்டன என்பதைச் சேர்த்துத்தான் மூளை இது இன்ன உணவு என்று அறியுமாம். நீ சொன்னதில் கொஞ்சம்தான் பிழை.

அடுத்த வருடம் மதுரையில் புற்றுநோய்க்கு ஊசி போட்டுத் திரும்பியபோது உன் மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. எதைத் தின்றாலும் சாக்பீஸ் என்றாய். இரண்டு நாளாக எதையும் தொடவில்லை என்று உன் அம்மா போனில் அழுதார். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பால்கோவாவை உன் அப்பாவிடம் வாங்கிவந்து நீட்டினேன்.

"எனக்குத்தான் மணம் தெரியாதேன்னு மறுபடியும் மைதாவா?"

சத்தியம் செய்தேன். என் சத்தியங்களின் தரம் உனக்குத் தெரியும். ஜன்னலில் ஒரு துண்டை வைக்கச் சொன்னாய். எறும்பு சொன்னால் தின்பாயாம். நோயாளி இருக்கும் அறை என்று உன் அம்மா மூலைக்கு மூலை எறும்புப் பொடி தூவியிருந்தார். ஈரத்துணியால் ஜன்னல் முழுக்கத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு எறும்புக்காகச் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான்.

ஒன்று வந்தது. கொம்பால் தொட்டது. திரும்பிப் போனது. நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அது கூட்டாளிகளோடு வந்தது.

விரல் நுனியளவு எடுத்து வாயில் வைத்தாய். "ஒண்ணுமே தெரியலை. நீ சொல்லு, ஒவ்வொண்ணா."

கேலி எதுவும் சேர்க்காமல் சொன்னேன். சுண்டின பால். சீனி. அடிப்பிடித்த வாடை. ஏதோ புகை. எந்தப் புகை என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன்.

"முந்திரித் தோடு ஏட்டி. எங்க அப்பா அடுப்புல அதான் எரியும்" என்றபடி இன்னொரு விரல் எடுத்தாய். அன்று பாதிப் பொட்டலம் தீர்ந்தது.

அதன்பிறகு நாலு மாதம் இருந்தாய். இப்போது எதைத் தின்றாலும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள். இன்று பொட்டலத்தை எறும்புகளுக்கு விட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டேன். பால். சீனி. அடிப்பிடித்த வாடை.

புகை. முந்திரித் தோட்டுப் புகை.