எலிக்கு ஒப்பரேசன்

செப்டெம்பர் 9, செவ்வாய்

பொரியை வவுனியாவிலிருந்து உயிரோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் துவாய்த் துண்டு, அதற்குள் மயக்கம் தெளியாத பொரி, எலி மாதிரி ஒரு ஹம்ஸ்டர். பக்கத்தில் இருந்த ஐயா, "என்ன பிள்ளை, கேக்கோ?" என்றார். ஓம் என்றேன். உள்ளே இருப்பதைச் சொல்லியிருந்தால் மனுசன் பாதி வழியில், முருங்கனிலேயே இறங்கியிருக்கும்.

இடது கன்னத்தில் சீழ் கட்டியிருந்தது. மிருக டொக்டர் நிவேதிகா கீறி எடுத்துவிட்டுத் தையல் போட்டிருக்கிறார். "கூட்டுக்குள்ள மண், மரத்தூள் ஒண்டும் போடாதேங்கோ அக்கா. வெள்ளைத் தாள் மட்டும். காயத்தில மணம் வந்தால் உடன கொண்டுவாங்கோ" என்றார். மணம் வந்தால் கிருமி உள்ளே போய்விட்டது என்று அர்த்தமாம். இவ்வளவு சின்ன உடம்பில் அது பரவினால் காப்பாற்ற முடியாதாம்.

கூட்டை விறாந்தையில், அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்குதான் காற்று வரும். அம்மா எழும்பாமலே எட்டிப் பார்த்தா. "எலிக்குப் பேர் வைச்சாய். இப்ப எலிக்கு ஒப்பரேசன். இனி எலிக்குப் பூசையும் ஒப்புக்குடுப்பாய்."

செப்டெம்பர் 10

மருந்து குடித்தான். பிறகு என் விரலைக் கடித்தான். சந்தோசம்.

செப்டெம்பர் 12, வெள்ளி

அவித்த பூசணிக்காய் கொஞ்சம் தின்றான். வலப் பக்கத்தால் மட்டும் மெல்லுகிறான், பல்லுக்கொதி வந்த கிழவனைப் போல.

அம்மா வீட்டுக்குள் சொக்ஸ் போட்டுக்கொண்டு இருக்கிறா. வறண்ட சோளகக் காற்றுக்குக் குதிக்கால் வெடித்துவிட்டதாம். வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து கிறீம் கொண்டுவாறன் என்றேன். "நீ உன்ர எலியைப் பார்" என்றா. அம்மாவின் சீனி வருத்தக் குளிசை முடியப் போகிறது, நாளைக்கு எடுக்க வேண்டும்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

அம்மா பூசைக்கு வரவில்லை. வெயிலாம். மன்னாரில் எந்த ஞாயிறு வெயில் இல்லாமல் விடிந்தது?

கோயிலால் வந்து கதவைத் திறந்ததும் ஒரு மணம். பக்கத்து வீட்டுக் கருவாடு என்று நினைத்தேன். வெளியே போய் நின்று பார்த்தேன். வெளியே இல்லை. உள்ளேதான்.

பொரியாக இருக்கக்கூடாது. மாதாவே, பொரியாக இருக்கக்கூடாது.

செப்டெம்பர் 15

மணம் கூடியிருக்கிறது. கூட்டைக் கழுவினேன், தாள் மாற்றினேன், வேப்பிலை எரித்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. பொரி மூலையில் சுருண்டு கிடக்கிறான். படுத்திருக்கிறானா, சோர்ந்து கிடக்கிறானா, எப்படித் தெரியும்? அவனா வாய் திறந்து சொல்லப் போகிறான்.

எறும்பும் வருகிறது. கூட்டின் காலுக்கெல்லாம் சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். அப்படியும் அது கதிரையடியைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

செப்டெம்பர் 16

என்னோடு மருந்துக்கடையில் நிற்கும் சபூரா பொரியைப் பார்க்க வந்தாள். படியிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அம்மாவுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது படலையடியில் நின்று, "டினோ, இந்தச் சின்னச் சாமானுக்குள்ள இருந்தா இவ்வளவு நாத்தம் வருது?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவளோடு கோபித்து என்ன?

செப்டெம்பர் 17, புதன்

இன்றைக்கு வீட்டில் சண்டை.

காலையில் தாள் மாற்றும்போது மண் பட்டது. பொரியின் கன்னத்திலும் ஒட்டியிருந்தது. இந்த வீட்டில் அந்த மண் ஒரு போத்தலில்தான் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனபோது அம்மா ஜாம் போத்தல் நிறைய அள்ளிக்கொண்டு வந்தது. பாம்பு கடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் எங்களுக்கு முதல் மருந்து மடு மண்தான். அதற்குப் பிறகுதான் ஆசுப்பத்திரி.

"ஒரு நுள்ளுத்தானடி போட்டனான். விசத்தை இழுக்கும்" என்றா அம்மா.

"டொக்டர் மண் படக்கூடாது எண்டு சொன்னவ. அதைக் கொல்லவோ பாக்கிறீங்கள்?"

கத்திவிட்டேன். அம்மாவோடு நான் அப்படிக் கத்தியதில்லை. வேறு நாளென்றால் அகப்பைக் காம்போடு வந்திருப்பா. இன்றைக்குக் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

போத்தலை ஒளித்து வைக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு நுள்ளுக்கு இவ்வளவு மண் போகுமா?

நாளைக்கு முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போறன்.

செப்டெம்பர் 18, வியாழன்

டொக்டர் பொரியைக் கையில் ஏந்தி, கண்ணாடியைக் கழற்றி, கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். மண் ஒட்டியிருந்த இடத்தைக் கழுவி, திரும்பவும் மணந்தார்.

"காயம் நல்லா ஆறியிருக்கு அக்கா. நீங்கள் பயந்தது மாதிரி ஒண்டும் இல்லை."

"வீடு முழுக்க மணக்குது டொக்டர்."

"அது இவனில்லை. நீங்களே மணந்து பாருங்கோ."

மணந்தேன். மருந்து மணம். கொஞ்சம் பூசணிக்காய். அவ்வளவுதான்.

சிரித்துக்கொண்டு பஸ் ஏறினேன். சத்தியமாகச் சிரித்துக்கொண்டுதான். உயிலங்குளம் தாண்டியபோது அந்தக் கேள்வி வந்தது: அப்படியென்றால் என்ன மணக்கிறது? சொக்ஸ். கதிரை. எறும்பு. போத்தல். மன்னார்ப் பாலத்தில் பஸ் ஏறும்போதே இறங்குவதற்கு எழும்பி நின்றுவிட்டேன். நாள் முழுக்க ஊரிலுள்ள சீனி வருத்தக்காரருக்கெல்லாம் குளிசை எண்ணிக் கொடுக்கிறவள் நான். காலைக் கவனியுங்கோ என்று புத்தி வேறு சொல்லுகிறவள். ஒரு கிழமையாக எலியின் கன்னத்தை மணந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையடியில் குந்தினேன். அம்மா மறிக்கவில்லை. காலைப் பிடித்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. சொக்ஸ், அதற்குள் துணி, அதற்குள் அப்பிய மண். அதைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுத்தேன். பெருவிரலும் அதற்கடுத்ததும் கறுத்துவிட்டன. பாதம் வீங்கி மினுங்கியது.

"ஏனம்மா சொல்லேல்ல?"

"சொன்னால் கொண்டுபோவாய். முன்வீட்டு அந்தோனிமுத்தண்ணைக்கும் விரல் எண்டு சொல்லித்தானே கொண்டுபோனவை. பிறகு கால் எங்க?"

கறுத்த விரலை மெல்ல அழுத்திப் பார்த்தேன்.

"மண் போட்ட பிறகு நோகேல்லையடி. கொஞ்சமும் நோகேல்லை. எனக்குப் புண் மாறுது எண்டு நினைச்சன். அதுதான் உன்ர எலிக்கும் ஒரு நுள்ளுப் போட்டனான்."

நோகவில்லையாம். நோகாததுதானம்மா பயம். நோகாததுதான்.

ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பொரி சப்பாத்துப் பெட்டிக்குள்ளேயே கிடந்தான்.

செப்டெம்பர் 19

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். இப்போதே காய்ச்சல் ஏறிவிட்டது, இரத்தத்தில் கிருமி போயிருக்கலாம், எடுத்தாலும் சொல்ல முடியாது என்கிறார்கள். ஒரு கிழமை முந்தி வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று அந்தப் பெரிய டொக்டர் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டா. குனிந்தேன். "எலிக்கு மருந்து குடுத்தனியோ?"

ஓம் என்றேன். கொடுக்கவில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

அம்மா இன்னும் கண் திறக்கவில்லை.

செப்டெம்பர் 23, செவ்வாய்

வெள்ளைச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். மடுவுக்குப் போகும்போது அம்மா உடுப்பது. கடைசியில் அதைத்தான் உடுத்திவிட வேண்டும் என்று முந்தியே சொல்லி வைத்திருந்தா. சபூரா வெளியே ஓட்டோவில் இருக்கிறாள்.

பொரியின் தையல் விழுந்துவிட்டது. கன்னத்தில் மயிர் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. சபூரா வைத்துவிட்டுப்போன பூசணிக்காயை இரண்டு பக்கத்தாலும் மென்று தின்கிறான். கதிரையடியில் ஒரு எறும்பும் இல்லை.

கதவைப் பூட்ட வந்தவள் திரும்பவும் உள்ளே போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். வீட்டில் இப்போது ஒரு மணமும் இல்லை.