கீழ்வீட்டுக் குழாய்கள் திறந்திருக்கும்போது எங்கள் குழாயை அளந்து பார்க்கக் கோரி

அனுப்புநர்
சலவை வீட்டு மூத்த மகள்,
ஐந்தாம் மாடி,
பேருந்துப் பணிமனைக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: ஐந்தாம் மாடியில் நீர் அழுத்தத்தை மறுபடி அளக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் அம்மாவும் ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளை வீட்டில் துவைத்துக் கொடுக்கிறோம். அதற்காகத்தான் பள்ளியிலிருந்து நின்றேன். காலையில் எங்கள் குழாயில் தண்ணீர் வருவதில்லை. திறந்தால் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன்; விரலையும் இழுத்தது.

2. எங்கள் புகாரின் பேரில் சென்ற வாரம் காலையில் தங்கள் உதவிப் பொறியாளர் வந்தார். அம்மா பெருமை தாங்காமல் மாடி மாடியாக இறங்கி, "ஆபீசர் நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு, வாங்க" என்று எல்லோரையும் அழைத்துவிட்டார். குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஈரத் தலையோடு வந்து நின்றார்கள். எல்லோரும் பொறுப்பாகக் குழாயை மூடிவிட்டே வந்தார்கள்.

3. பொறியாளர் எங்கள் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தினார். உள்ளிருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது என்று பொறுமையாக விளக்கினார். அதை வைத்துக் கணக்குப் போட்டு, "இந்த அழுத்தத்துக்குப் பீய்ச்சி அடிக்கும்மா" என்றார். திறந்தார். அடித்தது. அவர் சட்டை முழுக்க நனைந்தது. நாலாம் மாடி அண்ணன் கைதட்டினார். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

4. அவர் படியிறங்கியதும் அவரவர் வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தார்கள். எங்கள் குழாய் மறுபடி காற்றை இழுத்தது. கீழே குழாய் திறக்கத் திறக்க மேலே அழுத்தம் விழுகிறது. தள்ளுவதற்கு வித்தியாசம் இல்லாதபோது தண்ணீர் எப்படி வரும்? கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்த ஈரத் தலைகளைப் பார்த்தபோதே சந்தேகம் வந்தது. நனைந்த சட்டையோடு நிற்கிறவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

5. 'போதுமான நீர்வரத்து உள்ளது' என்ற அவரது அறிக்கையால், வந்துகொண்டிருந்த லாரித் தண்ணீரும் நின்றுவிட்டது. சரியாக அலசாத விரிப்பில் படுத்தவர்கள் இரவெல்லாம் சொறிகிறார்களாம். "இன்னொரு தடவை சோப்பு வாசம் வந்தா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று விடுதி மேலாளர் சொல்லிவிட்டார். எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

6. ஆகவே, கீழே எல்லோரும் குளிக்கும் காலை வேளையில் வந்து அளந்து, மேல்மாடிக்குத் தனிக் குழாய் போட்டுத் தருமாறும், அதுவரை லாரித் தண்ணீரை அனுப்புமாறும் பணிவோடு வேண்டுகிறேன். முன்கூட்டித் தகவல் தர வேண்டாம். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடலாம். அளந்து முடிக்கும்வரை தாங்கள் யார் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. கையில் ஓர் அழுக்கு விரிப்போடு வந்தால் நல்லது. விடுதியிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் மறுத்துப் பேச மாட்டேன்.

இடம்: ஐந்தாம் மாடி
நாள்: திங்கட்கிழமை, தண்ணீர் வராத காலை

இப்படிக்கு, தங்கள் வருகையை யாரிடமும் சொல்லாத,
சலவை வீட்டு மூத்த மகள்