தறி நின்ற ஊர்

ஆனி 4, திங்கள்
மூட்டம். தூறல் இல்லை. ஜவுளிக்காரர்கள் கூலியை ஏற்றும்வரை ஸ்டிரைக். சோமனூர் முழுக்கத் தறி நின்றுவிட்டது. சங்கத்தில் முதல் கையெழுத்து அடியேனுடையது. எட்டுத் தறிகளின் சக்கரவர்த்தி இல்லாமல் ஒரு போராட்டமா?

பிறந்ததிலிருந்து இப்படி ஓர் அமைதி கண்டதில்லை. எதிர்வீட்டுப் பூனை யோசிப்பதுகூடக் காதில் விழுந்தது.

வாங்க: சீயக்காய், டார்ச் செல், வீட்டுக்காரி சரோஜாவின் மூக்குத்தித் திருகு (தொலைத்தது நானில்லை).

மத்தியானம் ஒரு விஷயம். மாசியில் எங்கிருந்தோ நடந்து வந்த பெண். பெயர் தெரியாது. அன்றிலிருந்து என் தறி ஷெட் சுவரில் பின்மண்டையை ஒட்டியபடி கிடக்கிறாள். சோறு சரோஜா வைக்கிறாள். வாய் திறந்ததே இல்லை. இன்று எழுந்து நின்றாள்.

“வாரனுங்க.”

யாரிடம்? சோளக்காட்டைப் பார்த்துச் சொன்னாள். அங்கே ஆளே இல்லை. பாழுங்கிணறுதான் இருக்கிறது.

ஆனி 5, செவ்வாய்
நல்ல வெயில். கடைவாய்ப் பல் வலி.

காலையில் கிணற்று மேட்டில் அவள். கால்கள் உள்ளே தொங்க, கிணற்றுக்குள் குனிந்து, சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற மரியாதையோடு: “தறிச் சத்தத்துல நீங்க கூப்பிட்டது கேக்கலீங்க. இப்பத் தெளிவாக் கேக்குதுங்க. வாரனுங்க.”

சரோஜா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நான் சரோஜாவை இழுத்தேன். (ஊருக்குச் சொல்ல: ஒற்றைக் கையால், யானைபோல, நானே.)

ஆக, அவள் என் சுவரைத் தேடி வந்தது நிழலுக்கல்ல. சத்தத்துக்கு.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மல்லிகா, என் அக்கா மகள். தெருவில் கிடக்கும் மனநோயாளிகளை ஊர் ஊராகத் தேடிப்போகும் டாக்டர் வேனில் வேலை.

“நாளன்னிக்குத்தான் வர முடியுங்க மாமா. தனியா உடாதீங்க. அதுக்குன்னு கட்டிப் போட்றாதீங்க.”

கயிற்றை அப்போதுதான் மனதில் நினைத்திருந்தேன். எப்படித் தெரிந்தது அவளுக்கு?

ஆனி 6, புதன்
விடிந்ததிலிருந்து இழுத்து இழுத்துச் சரோஜாவுக்குத் தோள் வீங்கிவிட்டது. யோசித்தேன். பாவு நூல் ஏற்றாத ஒரு தறியை ஓட்டினேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் இல்லாவிட்டால் தானே நின்றுவிடும். நிறுத்துகிற கம்பியைச் சணலால் கட்டினேன். கடக், கடக். ஊரே செத்துக் கிடக்க ஒரே ஒரு தறி, இல்லாத துணியை நெய்கிறது.

அவள் சுவரில் தலை சாய்த்தாள். தூங்கினாள்.

சங்கத்து ஆட்களோடு பங்காளி பழனிசாமி வந்தான்.

“ஏனுங்ணா, மொதக் கையெழுத்தப் போட்டுப்போட்டு நீங்களே தறி ஓட்டறீங்க?”

“பாவே இல்லடா. பாரு.”

“வெறுந்தறிய எவனுங்ணா ஓட்டுவான்? பைத்தியமா உங்களுக்கு?”

சுவிட்சை அணைத்தான். வெளியே, “வாரனுங்க.”

எல்லோரும் ஓடிவந்து பார்த்தோம். உச்சி வெயிலில் சோளத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போகிறாள். பின்னால் ஓட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் கிணற்றுப் பக்கம் காதைச் சாய்த்து நின்றோம், எங்களுக்கும் ஏதோ கேட்கப்போவதுபோல.

“ஆருங்ணா கூப்பிடறாங்க?” என்றான் பழனிசாமி.

“அவளுக்கு மட்டுந்தான்டா கேக்குது.”

அவனே ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டான். காட்டின் நடுவில் அவள் நின்றாள். எதற்கு வந்தோம் என்று மறந்தவள்போலத் திரும்பி வந்தாள்.

“ஓட்டுங்ணா,” என்றான். “நூலு மட்டும் போட்றாதீங்க.”

ஆனி 7, வியாழன்
காற்று. வேன் வந்தது. மல்லிகா அந்தச் சுவரோரமாகத் தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்திரையச் சோத்துல பெசஞ்சு வெச்சுப்போடலாமா கண்ணு?”

“உங்களுக்கு ஆராச்சும் அப்படிப் பண்ணுனா உடுவீங்களா மாமா? கேட்டுத்தான் குடுக்கோணும்.”

கேட்டாள். சாயங்காலம்வரை கேட்டாள். கடைசியில் கை நீண்டது. பெயர் மட்டும் வரவில்லை.

“பேரு வேண்டாங்க. சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும்.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அவர்கள் நடத்தும் விடுதியில் இடம் உண்டாம். அவள் வரமாட்டேன் என்கிறாள். சுவரை விடமாட்டாள். இருக்கட்டும். தினமும் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு சரோஜாவுடையது. தறி ஓட்டும் பொறுப்பு சக்கரவர்த்தியுடையது.

ஆனி 28, வியாழன்
மழை விட்டது. ஸ்டிரைக் முடிகிற வழியில்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று, மலையைப் பெயர்த்ததுபோல இருந்தது.

வியாழன்தோறும் வரும் வேன் வருமுன் அவளே ஷெட்டுக்குள் வந்தாள். தலை வாரியிருந்தாள்.

“அத நிறுத்துங்க.”

நான் சுவிட்சை மறைத்து நின்றேன். “ஓடட்டும் அம்மணி. கரண்டு எம் பாட்டன் சொத்து.”

“இன்னும் கூப்பிடறாங்களான்னு கேட்டுப் பாக்கோணுங்க.”

சரோஜா கிணற்று வழியை மறித்து நின்றாள். நிறுத்தினேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“கூப்பிடறாங்க.”

சரோஜா என்னைப் பார்த்தாள்.

“ரொம்பத் தூரமாட்டக் கேக்குதுங்க. இன்னிக்குப் போக வேண்டாங்களா அக்கா?”

“வேண்டாங் கண்ணு.”

தலையாட்டினாள். தறி ஓடவில்லை. உட்கார்ந்தாள், கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.