மீதி முட்டை

மார்ச் 3

என் வீட்டுக்காரி என்ன சாப்பிட்டாள், எப்போது வாந்தி எடுத்தாள் என்று டாக்டர் எழுதிவரச் சொன்னார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து. ஆடு மேய்ந்த மாதிரிதான் இருக்கும்.

காலையில் சோறு. தட்டு காலி. மத்தியானம் அந்தச் சோறு அப்படியே வெளியே வந்தது. ஆறு மாதமாக இதே பாடு.

தங்கச்சி வந்திருந்தாள். "வேலைக்குப் பயந்து அண்ணி வாந்தி எடுக்குதுண்ணே" என்றாள். நான் தடுக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் தேவலை. "எல்லாம் மனசுலதான் இருக்கு"ன்னு நானும் சொல்லித் தொலைச்சேன். அடுப்பங்கரையில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 6

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, அடைப்பு இல்லை.

"இரைப்பை அசையுதான்னு பாக்கணும். கொஞ்சமா கதிர்வீச்சு உள்ள மருந்து கலந்த முட்டையைக் குடுத்து, அது எங்க போகுதுன்னு நாலு மணி நேரம் படம் எடுப்பாங்க" என்றார் டாக்டர்.

"சரியா எறங்கிருச்சுன்னா?"

"அப்ப மனநல டாக்டரப் பாக்கலாம்."

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடு அசை போடவில்லை என்றால் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பேன். நல்ல ஆட்டுக்குக் கடகடவென்று ஓடும். முன்பு கருங்காது ஆடு ஒன்று இருந்தது, என் சட்டையில் பாதியைத் தின்றுவிட்டு மூன்று நாள்— சரி, அது வேறு கதை. இவள் வயிற்றில் ஒருநாளும் நான் காது வைத்ததில்லை.

மார்ச் 10

கெடுத்துட்டேன்.

படம் எடுக்கிற பெண் முட்டையும் ரொட்டியும் கொடுத்து, "பத்து நிமிஷத்துல முழுசா சாப்பிடணும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். இவள் பாதியில் தட்டை என் பக்கம் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் மீதி எனக்குத்தான். கை தானாகப் போயிற்று.

திரும்பி வந்த பெண் தலையில் கை வைத்தாள்.

"ஐயா, அது மருந்துய்யா!"

"ருசி ஒண்ணும் மாறலையேம்மா."

"வீட்லயும் இவங்க மீதிய நீங்கதான் சாப்பிடுவீங்களா?"

"முப்பது வருஷமா."

"அப்ப இவங்க எவ்வளவு சாப்பிடுறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஒன்றும் ஆகாதாம். தண்ணீர் நிறையக் குடிக்கணும், இன்றைக்குக் குழந்தைகளைத் தூக்கக் கூடாது. சோதனை மறுபடி அடுத்த வாரம்.

மார்ச் 11

'தட்டு காலி' என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்தேன்.

மார்ச் 17

இன்று என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கக் கலங்க, முழுசும் விழுங்கினாள். உடனே ஒரு படம். பிறகு ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி. திரையில் முட்டை வெளிச்சமாகத் தெரிந்தது. கடைசிப் படத்திலும் அந்த வெளிச்சம் இடத்தை விட்டுப் போகவில்லை.

"இந்நேரம் பத்துல ஒரு பங்குக்கு மேல மிஞ்சக் கூடாது. இவங்களுக்குப் பாதிக்கு மேல நிக்குது. இரைப்பைதான் மந்தம். மனசு இல்ல" என்றார் டாக்டர்.

அவள் அழுதாள். நோய் இருக்குன்னு கேட்டு யாராவது நிம்மதியா அழுவாங்களா? அழுதா.

"என்னை மன்னிச்சிரு புள்ள."

"இது மனசு இல்லன்னு உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க."

மார்ச் 18

சொன்னேன். நான் பேசினதும் தப்பு என்று சேர்த்தே சொன்னேன்.

ஏப்ரல் 9

மாத்திரை ஒத்துக்கொள்கிறது. சோறு குழைவாக, சின்னக் கிண்ணத்தில், ஒரு நாளைக்கு ஆறு வேளை. வாந்தி இல்லாமல் இன்றோடு ஐந்து நாள்.

சாப்பிட்டுச் சாய்ந்திருந்தவள் வயிற்றில் மெல்லக் காதை வைத்தேன்.

"நான் என்ன ஆடா?"

"சும்மா இரு. கேக்குது."

"என்னவாம்?"

"மெதுவாத்தான்... ஆனா ஓடுது."

கிண்ணம் காலி. நான் தொடவேயில்லை.