வளைவில் பதினாறு அடி

தொப்பம்பட்டி,
9 நவம்பர் 2025

குமார் அண்ணாவுக்கு,

போன்ல என்னை பிளாக் பண்ணிட்டீங்க. தபால்காரரை பிளாக் பண்ண முடியாதில்ல, அதான் எழுதறேன். நல்லா இருக்கீங்களா? விடுதியில இன்னும் அதே சோடா உப்புச் சோறுதானா? எங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியம். உங்க வீட்டுல எப்படின்னு தெரியல. கூப்பிடற தூரத்துல இருக்கற பெரியப்பா வீட்டைப் பத்தி, கோயமுத்தூர்ல சட்டம் படிக்கற உங்ககிட்ட கேக்க வேண்டியிருக்கு.

விஷயத்துக்கு வாரேன். பெரியப்பா வண்டித்தடத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லுக்கால் நட்டு கம்பி கட்டிட்டாரு. முன்னாடி உங்க தோட்டம், பின்னாடி எங்க தோட்டம். அந்தத் தடத்தை விட்டா ரோட்டுக்கு வர எங்களுக்கு வேற வழி இல்ல. அளவுல குத்தம் சொல்ல மாட்டேன். பாகம் பிரிச்ச பத்திரத்துல உள்ள எட்டடி அப்படியே இருக்கு. ஆனா கெணத்து மேட்டுக்கிட்ட தடம் திரும்புதில்ல, அங்கயும் அதே எட்டடி. இத்தனை நாளா அந்த மூலையில உங்க காட்டுக்குள்ள ரெண்டு சக்கரத்தை ஏத்தித் திருப்பிட்டிருந்தோம். இப்ப டிரெய்லர் திரும்ப மாட்டேங்குது. தேங்காய் பூராவும் தலைச்சுமையா ரோட்டுக்கு வருது. சுமக்க ஆளும் வர மாட்டேங்கறாங்க. வண்டி போகாத காட்டை வெச்சு என்ன பண்றதுன்னு அப்பா பழனி புரோக்கரை வரச் சொல்லிட்டாரு. தைக்குள்ள வித்துருவாரு.

காலேஜை ரெண்டாம் வருஷத்துல விட்டேன், ஒரு புஸ்தகத்தை மட்டும் விடல. ரோம்காரங்க சட்டம். கிறிஸ்து பொறக்கறதுக்கு நானூத்தம்பது வருஷம் முன்னாடி பன்னெண்டு பலகையில எழுதி ஊர் நடுவுல வெச்சாங்களே, அது. அதுல தடத்துக்கு அகலம் போட்டிருக்கு. நேரா போற எடத்துல எட்டடி. வளைவுல பதினாறு. படிச்சதும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அதே எட்டடி! நம்ம பத்திரத்துல "ஆட்கள், கால்நடைகள், வண்டி வாகனம் போக வர" ன்னு இருக்கில்ல, அவங்களும் அப்படியே நடக்க, மாடு ஓட்ட, வண்டி ஓட்டன்னு மூணாப் பிரிச்சிருக்காங்க. எங்கிருந்து எங்க வந்திருக்கு பாருங்க.

பெரியப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. நாங்க கேக்க மாட்டோம். அப்பா போய்க் கேக்கறேன்னுதான் இருந்தாரு, நான்தான் வேணாம்னேன். பலவந்தமா, ஒளிஞ்சு மறைஞ்சு, இல்லைன்னா கேட்டு வாங்கி அனுபவிச்சது எத்தனை வருஷம் ஆனாலும் பாத்தியம் ஆகாது. அதுவும் ரோம்காரங்க சொன்னதுதான். கேட்டா, மூலை எங்களுது இல்லைன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.

இப்படிக்கு,
உங்க கோபத்துக்கு ஆளான
பானுப்ரியா


கோயமுத்தூர்,
17 நவம்பர் 2025

அன்புத் தங்கை பானுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதியில் எனக்குத் தபால் வந்ததை ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது. சோறு மாறவில்லை.

உன்னை பிளாக் செய்தது கல்லுக்கால் விவகாரத்துக்காக இல்லை. அன்று நீ போனில் என் அம்மாவிடம் கத்தினாய். அய்யம்மாள் பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டு வளர்ந்தவள் நீ. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போதைக்குக் கடிதமே இருக்கட்டும். போனில் சண்டை போடுகிறாய், எழுதும்போது கொஞ்சம் யோசிக்கிறாய்.

ரோமானியர் சொன்னது இங்கே செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. நம் வழிப்பாத்தியச் சட்டம் ஆங்கிலேயர் எழுதியது, அவர்கள் ரோமானியரிடமிருந்து எடுத்ததில் பாதி அதில் இருக்கிறது. வளைவுக்கு இரட்டிப்பு என்பதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றும் அந்தப் பலகையில் உண்டு. தடத்தைக் கல் பாவிச் சரியாக வைத்திருக்காவிட்டால், போகிறவன் தன் மாட்டை இஷ்டப்பட்ட பக்கம் ஓட்டிக்கொண்டு போகலாம். இதைப் படித்துவிட்டு டிராக்டரை எங்கள் வெங்காயத்தில் இறக்கிவிடாதே.

எனக்கு ஒன்று புரியவில்லை. நம் தாத்தா அதே வளைவில் ஆயுள் முழுக்க வண்டி ஓட்டினார். பாகம் பிரித்தபோது அவரும் உடன் இருந்தார். வளைவுக்குக் கூடுதலாக இடம் விட வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை? ரோமானியருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அப்பாவிடம் பேசச் சொல்கிறாய். அது மட்டும் என்னால் ஆகாது. காரணம் கேட்காதே.

அன்புடன்,
பழனிக்குமார்


தொப்பம்பட்டி,
28 நவம்பர் 2025

அண்ணா,

பெரியம்மாகிட்ட நேத்து போய்ப் பேசிட்டேன். திட்டிட்டு அப்பறம் சாப்பிடச் சொன்னாங்க. சாப்டேன்.

நவம்பர்னா ஒன்பதாவது மாசம்னு அர்த்தமாம், தெரியுமா? முன்னாடி ரெண்டு மாசத்தைச் சேர்த்துட்டு பேரை மாத்தாம விட்டுட்டாங்க ரோம்காரங்க. அவங்க விட்ட தப்பையும் சேர்த்துத்தான் உலகமே சுமந்துட்டுத் திரியுது.

உங்க கேள்விக்குப் பதில் கெடைச்சிருச்சுன்னு நெனைக்கறேன். சரியான்னு சொல்லுங்க. தாத்தா ஓட்டினது மாட்டு வண்டி, ரெண்டே சக்கரம். ஒரு மாட்டை நிறுத்திட்டு இன்னொன்னை நடக்க விட்டா நின்ன எடத்துலயே திரும்பிக்கும். அவருக்கு மூலை தேவைப்படல. டிராக்டருக்குப் பின்னாடி வர்ற டிரெய்லர் அப்படி இல்ல, மூலையை அறுத்துட்டுத்தான் வரும். ரோம்காரங்ககிட்ட பாரம் ஏத்தற நாலு சக்கர வண்டி இருந்திருக்கு. அவங்களுக்கு அன்னைக்கே வந்த கஷ்டம் நமக்கு டிராக்டர் வாங்கினப்பறம்தான் வந்திருக்கு. பத்திரம் ரெண்டு சக்கரத்துக்கு எழுதினது, அண்ணா. யாரு மேலயும் தப்பு இல்ல.

இதைச் சரிபாக்கத்தான் கயித்தை எடுத்துட்டு வளைவுக்குப் போனேன். ஒரு முனையைக் கல்லுக்கால்ல கட்டிட்டு இருக்கறப்ப பெரியப்பா வந்துட்டாரு. சோலைமலை கவுண்டர் மொகத்தைப் பாத்து யாரு பேசறது. நான் குனிஞ்சே இருந்தேன்.

"ஏன் அம்மிணி, அளந்து கேசு போடப் போறயா?" ன்னாரு.

வண்டி எப்படித் திரும்புதுன்னு பாக்கறேன்னு சொன்னேன். நம்பல. தாத்தா வண்டி, ரெண்டு சக்கரம், நாலு சக்கரம் எல்லாத்தையும் சொன்னேன். அவரே கயித்தோட மறு முனையைப் புடிச்சு டிராக்டர் மாதிரி முன்னாடி நின்னாரு. கல்லுக்கால்ல கட்டின முனையை அவுத்துப் புடிச்சுட்டு, டிரெய்லர் மாதிரி நான் பின்னாடி நடந்தேன். மூணு தடவை நடந்தோம். மூணு தடவையும் கயிறு வேலியில மாட்டுச்சு. அவரு கயித்தைக் கீழ போட்டுட்டுக் கேட்டாரு.

"உங்கொப்பன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிருவான்? பொறந்ததுல இருந்து எல்லாத்தையும் என்கிட்ட கேட்டு வாங்குனவன். இதுக்கு மட்டும் புரோக்கரைக் கூட்டிட்டு வாரான்."

அப்ப எதுக்குங்க கல்லுக்கால் நட்டீங்கன்னு கேட்டுட்டேன்.

"உன்ற அண்ணன்தான் சொன்னான். இருவது வருசம் தடுக்காம வுட்டா மூலை அவீங்களுது ஆயிரும்னான். படிக்கற பையன் சொல்றானேன்னு நட்டேன்."

அண்ணா, நீங்களா?

பானு


கோயமுத்தூர்,
6 டிசம்பர் 2025

பானு,

ஆமாம், நான்தான். தீபாவளிக்கு வந்திருந்தபோது, அதற்குமுன் வகுப்பில் படித்ததை அப்பாவிடம் சொன்னேன். வேலி போடுங்கள் என்று கூடச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் வேறு எதற்குச் சொல்லியிருப்பேன்?

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பலவந்தமாக இல்லாமல், மறைவாக இல்லாமல், கேட்டு வாங்காமல் இருபது வருடம் அனுபவித்தால் பாத்தியம் என்ற அந்த ஒரே வரியைப் படித்துவிட்டுத்தான் நீ சித்தப்பாவைக் கேட்க விடாமல் தடுத்தாய். நான் அதையே படித்துவிட்டு அப்பாவைத் தடுக்கச் சொன்னேன். முன்பின் தெரியாத ஆட்கள் பக்கத்துப் பக்கத்து நிலத்தில் இருந்தால் அது நல்ல சட்டம். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறது. நம் இரண்டு பேருக்கும் படித்ததை வீட்டில் சொல்லிப் பார்க்க அவசரம்.

ரெண்டு சக்கரம், நாலு சக்கரம் நீ எழுதியது சரியாகத்தான் படுகிறது. எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன், அவர் அப்படி யோசித்ததே இல்லை என்றார்.

இப்போது நீ முடிவு செய்ய வேண்டும். சித்தப்பா போய்க் கேட்டால் அப்பா கொடுப்பார். ஆனால் கேட்டு வாங்கியதற்கு ரோமானியர் தனியாகவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கொடுத்தவர் மனம் மாறும்வரைதான் அது நிற்கும். நாளைக்கே எடுத்துக்கொண்டாலும் சித்தப்பா வழக்குப் போட முடியாது. பத்திரமாக எழுதித் தரச் சொன்னால் பாதுகாப்பு, ஆனால் எழுதச் சொன்ன நிமிடம் அப்பா எழுந்து போய்விடுவார், உனக்கே தெரியும். கேட்காமல் இருந்தால் நியாயம் பேசலாம், அதற்குள் நிலம் கைமாறிவிடும்.

நான் சட்டம் சொல்வதை நிறுத்திக்கொள்கிறேன்.

குமார்


தொப்பம்பட்டி,
11 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் போட நாளாயிருச்சு, கோச்சுக்காதீங்க. எனக்கு முடிவெடுக்கவே வரல.

கடைசியில அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நான் கேக்க வேணாம்னு சொன்னது, நீங்க உங்க வீட்டுல சொன்னது, ரெண்டும் சட்டத்துல ஒரே வரியில இருந்து வந்ததுன்னு. கேட்டா சட்டப்படி நம்ம கையில ஒண்ணும் இருக்காதுங்கறதையும் மறைக்கல. நாச்சிமுத்து பேச மாட்டாருன்னு அப்பாவைப் பத்தி ஊரே சொல்லும். அன்னைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"ஏங்கண்ணு, அந்த ரோமுல அண்ணன் தம்பியெல்லாம் கெடையாதா?"

இருக்காங்கன்னு சொன்னேன். அந்த ஊரையே அண்ணன் தம்பி ரெண்டு பேரு சேர்ந்துதான் கட்ட ஆரம்பிச்சதா கதை. ஒருத்தன் எழுப்பின செவுத்தை இன்னொருத்தன் நக்கலாத் தாண்டினான், செவுத்தை எழுப்பினவன் அவனை அங்கயே கொன்னுட்டான்னு சொன்னேன்.

"அப்ப அவீங்களுக்குச் சட்டம் வேணும்தான்" னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு உங்க வீட்டுக்கு நடந்தாரு.

அங்க என்ன பேசுனாங்கன்னு தெரியாது. பெரியம்மா சொன்னதுதான் எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் மழையைப் பத்தியும் வெங்காயத்தைப் பத்தியும் பேசிட்டு இருந்தாங்களாம். அப்பா எந்திரிச்சுச் செருப்பு மாட்டறப்ப, மூலையில கொஞ்சம் எடம் வுடுங்கன்னாராம். பெரியப்பா சரின்னுட்டாராம். மறுநா காலையில அவரே ஆளை வெச்சு வளைவுல இருந்த கல்லுக்காலைப் புடுங்கி உள்ள தள்ளி நட்டாரு. நான் போய் அளந்தேன். பதினாறு இல்ல, பதினாலுதான் வருது. டிரெய்லர் திரும்பிருது.

புரோக்கரை அப்பா வர வேணாம்னு சொல்லிட்டாரு.

ஆனா பெரியப்பா ஒண்ணு சொல்லியிருக்காரு. எழுத்தெல்லாம் கெடையாது, ஒவ்வொரு தேங்காய் வெட்டுக்கும் முன்னாடி வந்து கேட்டுட்டுப் போகோணும். அப்பா சரின்னுட்டாரு. பெரியப்பா மனசு மாறினா என்னங்க பண்றதுன்னு கேட்டேன். மாறாமப் பாத்துக்கோணும்னு சொல்லிட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு. நம்ம ரெண்டு பேரும் படிச்சதுல இதுக்கு எங்கயும் எடம் இல்லைண்ணா. நான் தேடிப் பாத்துட்டேன்.

அடுத்த வெட்டு பொங்கல் கழிச்சு. இந்தத் தடவை நான் போய்க் கேக்கறேன்னு சொல்லியிருக்கேன். கெணத்து மேடு வரைக்கும் ரெண்டு தடவை நடந்து போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். என்ன சொல்லி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல.

பிரியமுள்ள தங்கை,
பானுப்ரியா